பதினான்காம் எண் பாட்டில்

தன் மூத்திரம் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் ஏறியிருக்குமோ என்ற சந்தேகம் பூங்காவனத்துக்கு முதன்முதலாக வந்தது வேலூரில், ஒரு டாக்டரின் மேஜைக்கு முன்னால். 2006ஆம் வருஷம், ஐப்பசி மழை. புடவை முந்தானையைப் பிழிந்துவிட்டு அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் புருஷன் மாணிக்கவேல் ஆரணியில் திருமலையின் சாயப்பட்டறையில் இருபத்தைந்து வருஷமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். இரண்டு மாதத்துக்கு முன் மூத்திரப் பையில் இருந்து ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். இப்போது ஆறிவிட்டது. வேலைக்குப் போகலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

"பீடி, சிகரெட்?" என்றார் டாக்டர்.

"தொட்டதே இல்லீங்க."

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஏதோ தட்டினார். "சாயத்தால வந்திருக்குமோன்னு எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. ஆனா ஒரு ஆராய்ச்சி இருக்கு. வட தமிழ்நாட்டுல ஒரு பட்டு நெசவு ஊர். நாப்பது சாயத் தொழிலாளிங்க மூத்திரத்தைப் பரிசோதிச்சுப் பாத்திருக்காங்க. கவலைப்படற மாதிரி ஒண்ணும் இல்லைன்னு முடிச்சிருக்காங்க. கைக்கு உறை போட்டுகிட்டு வேலைக்குப் போங்க."

மாணிக்கவேலின் முகம் மலர்ந்துவிட்டது. பூங்காவனம் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"எந்த ஊருங்க அது?"

"சுருக்கத்துல ஊர்ப்பேர் இல்லைம்மா. அஞ்சாறு வரிதான் சும்மா காட்டுவாங்க. முழுசாப் படிக்கணும்னா டாலர்ல கட்டணும். இங்க நாங்க அந்தப் பத்திரிகை வாங்கறதில்லை."

"எந்த வருசமாம்?"

"வெளிவந்தது தொண்ணூத்தெட்டு." டாக்டர் சிரித்தார். "என்னம்மா, போலீஸ் மாதிரி விசாரிக்கறீங்க?"

அவள் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும் வரை மாணிக்கவேல்தான் பேசிக்கொண்டே வந்தான்.

"திங்கக்கெழம போறேன். தை முகூர்த்தத்துக்கு அரக்குப் பொடவ ஆர்டர் குவிஞ்சி கெடக்குதாம். நான் கலந்தாதான் அந்த அரக்கு வருது, மத்தவன் போட்டா செங்கல் கலரா பூடுது. திருமல அண்ணன் நாளைக்கு நாலு தபா ஆள் அனுப்பறாரு."

"ஏங்க, அந்த பாட்டிலு ஞாபகம் கீதா?"

"எந்த பாட்டிலு?"

"நீங்க மலையனூரு போயிட்டு வந்தப்ப சொன்னனே. பழனி மேஸ்திரி கொணாந்து குடுத்தாரே."

மாணிக்கவேல் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பும்படி சிரித்தான். பத்து வருஷமாகத் தெருவே சிரித்த கதை அது.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால், ஆரணியில் அவர்கள் குடியிருக்கும் கொசப்பாளையத்துத் தறிக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒருத்தன் ஊருக்குப் போனால் அவன் தறி சும்மா கிடக்காது. பக்கத்து வீட்டில் இருந்து யாராவது போய் உட்கார்ந்து நான்கு இழை ஓட்டுவார்கள். நெய்தது தறிக்காரன் பெயரிலேயே சேரும். ஊடை நூல் சுற்றுகிறவளுக்குக் காய்ச்சல் என்றால் எதிர்வீட்டுக்காரி ராட்டையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். யார் கை செய்தது என்று எவரும் கேட்பதில்லை. பெயருக்கு உரிய வேலை நடந்துவிட்டால் போதும். அந்தத் தெருவில் இதுதான் நல்ல மனசுக்கு அடையாளம். எனக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

1996 ஆவணி அமாவாசை. அமாவாசையன்று தறியும் ஓடாது, சாயப்பட்டறையும் கிடையாது. சென்னையில் இருந்து கண்ணாடி போட்ட ஒரு வாலிபர் ஆராய்ச்சிக்கு வந்தார். பட்டறைக்கு விடுமுறை, ஆட்கள் வீட்டில் சும்மா இருப்பார்கள் என்று அவராகவே கணக்குப் போட்டுவிட்டார். படித்தவர்தான், ஆனால் அமாவாசையன்று இந்தப் பக்கத்து ஆண்கள் வேன் பிடித்து மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் பார்க்கப் போய், மறுநாள் பொழுது ஏறித்தான் திரும்புவார்கள் என்று அவருக்கு யார் சொல்வது? பெயர்ப் பட்டியலையும் எண் ஒட்டிய பாட்டில்களையும் பட்டறை ஆட்களை மேற்பார்க்கும் பழனி மேஸ்திரியிடம் கொடுத்து, "நாளைக்குக் காலையில முதல் மூத்திரம்" என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டார்.

பழனி வீடு வீடாகப் போனார். ஆண்கள் இல்லை. பக்கத்து வீட்டுக் கமலம்தான் முதலில் கையை நீட்டினாள். "பாவம், மெட்ராஸ்லேர்ந்து வந்துகீறாரு. வெறுங்கையோடவா அனுப்பறது? குடு, எங்க வூட்டுக்காரு பேர்ல நானே குடுத்துடறேன்."

மாணிக்கவேலுக்குப் பதினான்காம் எண். அவர்கள் வீட்டுக் கதவு எண்ணும் அதுவாக இருந்ததால் பூங்காவனத்துக்கு மறக்கவில்லை. விடியற்காலையில் பாட்டிலை நிரப்பி மூடி, வெளியே ஒரு துளி இல்லாமல் துடைத்துத்தான் கொடுத்தாள். அவள் சாயத் தொட்டிப் பக்கமே போனவள் இல்லை.

"அது வேற ஊரா இருக்கும்மே. காஞ்சிபுரமா இருக்கும்," என்றான் மாணிக்கவேல், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நம்ம ஊரா இருந்தா?"

"இருந்தா இன்னா? டாக்டரு போவச் சொல்லிட்டாரு. படிச்சவன் எழுதிகீறான்."

"படிச்சவன் எழுதனது என் மூத்திரத்த வெச்சின்னா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் மதியம், களியும் காராமணிக் குழம்பும் சாப்பிட்ட கை காய்வதற்குள் பூங்காவனம் கிளை நூலகத்தில் இருந்தாள். சுற்றுவட்டாரமெல்லாம் ஆரணி அரிசி என்று மூட்டை மூட்டையாக வாங்கிப் போகிறது. அவளுக்கோ மூன்று வருஷமாகச் சர்க்கரை, அரிசி பார்ப்பதோடு சரி. அதைக் கண்டுபிடித்ததே இடது கால் விரல் ஒன்று அழுகி, எடுத்த பிறகுதான். எட்டாவது வரை படித்தவள். வாரப் பத்திரிகை படிக்க தினமும் நூலகம் வருகிறவள். அதனால் நூலகர் ஜெயப்ரியா அவளுக்கு நன்றாகப் பழக்கம்.

ஜெயப்ரியா வெம்பாக்கத்துக்காரி. எதையாவது தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் அன்றைக்குப் பசி தெரியாத ரகம். கதையைக் கேட்டவுடன் முதலில் சிரித்தாள். பிறகு, "அக்கா, கெளம்புங்க," என்று சொல்லி, மேஜையை ஒப்படைக்க ஆளில்லாததால் கதவையே பூட்டிவிட்டு, அவளை பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனாள்.

அரை மணி நேரத்தில் அந்தப் பக்கம் கிடைத்தது. ஆறு வரி. எழுதியவர் ஜெகநாதன், சென்னையில் ஒரு பல்கலைக்கழகம். ஆறு வரிக்குக் கீழே ஒரு பூட்டுப் படம்.

"ஒரு நாள் படிக்க முப்பத்தொரு டாலர்க்கா."

"ஒரு நாளைக்கா? அப்பால?"

"அப்பால மூடிக்கும்."

பூங்காவனம் திரையை உற்றுப் பார்த்தாள். "என்னுதா இருந்தா, என் மூத்திரத்த நானே பாக்கறதுக்கு மாசத்து மளிக துட்ட கட்டணுமா? நல்லா கீது கத!"

ஜெயப்ரியா விடவில்லை. மாவட்ட நூலகத்துக்கு போன் போட்டாள். அங்கே அந்தப் பத்திரிகையின் பெயரே தெரியவில்லை. பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி நூலகத்தில் கேட்டாள்; வாங்குவதில்லை. கடைசியில் ஜெகநாதன் வேலை செய்கிற பல்கலைக்கழக நூலகத்துக்கே போன் செய்தாள். அங்கே நூலகர் அருள்மணி என்பவர் பேசினார். "எங்க ஆள் எழுதினதுதான் மேடம். ஆனா எங்ககிட்டயும் இல்லை. நேர்ல வாங்க, ஒரு வழி இருக்கு," என்றார்.

இதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. மாணிக்கவேல் பட்டறைக்குப் போய்விட்டான். பட்டறை இருக்கும் கமண்டல நாகநதிக் கரையில் அன்று விடாமல் தூறல். நூல் காயாது என்று அடுப்பைக் கூடுதலாக எரித்து, கொதிக்கும் அண்டாவில் சிட்டம் சிட்டமாகப் பட்டு நூலை முக்கி எடுத்துவிட்டு, சாயங்காலம் முழங்கை வரை சிவந்து வந்தான். டாக்டர் சொன்ன உறை சட்டைப் பையில் மடித்தபடி இருந்தது.

"போடலியா?"

"அத போட்டா நூலு கைக்கு பேச மாட்டேங்குது. சாயம் புடிச்சிதா இல்லியான்னு வெரலுக்குத்தான் தெரியும்."

அவள் சீயக்காய்த் தூளைப் போட்டுத் தேய்த்தாள். சிவப்பு போகவில்லை. "பத்து நாளு பொறுங்க. நான் மெட்ராஸ் போயி பாத்துட்டு வந்துடறேன்."

"கை சும்மா கெடந்தா எனக்கு பேஜாரா கீது, பூங்காவனம். ரெண்டு மாசமா மனுசனாவே இல்ல. டாக்டரே ஓ.கே. சொல்லிட்டாரு. அந்தக் காயிதத்த நீ போயி ஏன் கெளறிகினு கீற?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தான் வெறும் பிடிவாதத்தில் அவன் பிழைப்பைக் கெடுக்கிறோமோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் புதன்கிழமை விடியற்காலை ஜெயப்ரியாவோடு பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அருள்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். நூலகமே அவர் சொந்த வீடு போல, வந்தவர்களுக்குத் தானே டீ ஊற்றிக் கொடுத்தார். பூங்காவனத்துக்கு முதல் கேள்வி தயாராக இருந்தது.

"உங்காளு எழுதனது உங்ககிட்டயே இல்லன்னா எப்டி சார்?"

"நல்லாக் கேட்டீங்க. அவர் சம்பளம் நாங்க கொடுக்கறது. சோதனைச் செலவு அரசாங்கப் பணம். எழுதினதை அந்தப் பத்திரிகைக்குச் சும்மாவே கொடுத்தார். அதைப் படிக்க நாங்க வருஷா வருஷம் சந்தா கட்டணும், வருஷா வருஷம் ஏத்துவாங்க. மூணு வருஷம் முன்னாடி முடியலைன்னு நிறுத்திட்டோம். நிறுத்தினதும் பழசும் மூடிகிச்சு."

"நூலு உங்குளுது, கூலி உங்குளுது, பொடவ மட்டும் அவங்குளுதா?"

அருள்மணி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இந்த வாக்கியத்தை முன்பே யாராவது தனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் எத்தனை கூட்டங்களில் பயன்பட்டிருக்கும் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.

"இப்போ ரெண்டு வேலை செய்யறோம்மா. ஒண்ணு, எங்க ஆளுங்க எழுதற எதுவா இருந்தாலும் அவங்க டைப் பண்ணின கடைசிப் பிரதியை நூலகக் கம்ப்யூட்டர்ல வைக்கணும். உலகத்துல யார் வேணும்னாலும் திறந்து படிக்கலாம். நிறைய பத்திரிகைங்க அதைத் தடுக்கறதில்லை, நம்ம ஆளுங்கதான் சோம்பேறித்தனமா வைக்கறதில்லை. ரெண்டாவது, நிறுத்தின சந்தாப் பணத்துல நாங்களே ஒரு பத்திரிகை நடத்தறோம். நாலு பல்கலைக்கழக நூலகம் சேர்ந்து. எழுதறவரும் கட்ட வேண்டாம், படிக்கறவரும் கட்ட வேண்டாம்."

"ஆடி மாசம் கூழ் ஊத்தற மாதிரி," என்றாள் பூங்காவனம். "வூட்டுக்கு ஒரு படி கேவுரு. ஊத்தும்போது எந்தத் தெருன்னு கேக்க மாட்டோம்."

"அதேதான்."

"ஒரு வூட்டுல கேவுரு குடுக்காம சொம்ப மட்டும் தூக்கினு வந்தா?"

அருள்மணி சிரித்தார். "அது எங்களுக்கும் தீராத தலைவலி. நாலு நூலகத்துல ஒண்ணு விலகிட்டா மீதி மூணு மேல பாரம். அதான் அஞ்சு வருஷத்துக்கு எழுதி வாங்கிகிட்டிருக்கோம்."

அதற்குள் ஜெகநாதன் வந்துவிட்டார். அந்த வாலிபர் இப்போது முன் தலை வழுக்கையான பேராசிரியர். பழைய பிளாப்பியில் இருந்த பிரதியை எடுத்து அச்சடித்து வந்திருந்தார். ஆரணியில் இருந்து ஒரு அம்மா தன் கட்டுரையைத் தேடி வந்திருக்கிறார் என்பதில் அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பாவம், அது எவ்வளவு நேரத்துக்கு என்று அவருக்குத் தெரியாது.

ஜெயப்ரியா ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஊர் ஆரணிதான். தேதியும் அதேதான். கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்ட ஒரு பட்டியல், நாற்பது வரிசை, பெயர் இல்லாமல் எண் மட்டும்.

"பதினாலப் படிங்க மேடம்."

"பதினாலு. ஆண். வயசு முப்பத்தஞ்சு. சாய வேலையில பதினஞ்சு வருஷம். ரத்தம் இல்லை. சாயத்தோட கழிவு இல்லை." ஜெயப்ரியா நிறுத்தினாள். "சர்க்கரை, மூணு பிளஸ்."

பூங்காவனம் எழுந்து வந்து அந்த வரிசையின் மேல் விரலை வைத்தாள்.

"இது நான்."

ஜெகநாதனுக்குப் புரியவில்லை. அவள் அமாவாசையில் இருந்து தொடங்கி, மலையனூர் வேன், பழனி மேஸ்திரி, கமலம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காருக்கு சக்கர கெடையாது சார். எனக்குத்தான். மூணு வருசம் முன்னால, வெரலு அழுகினப்பதான் எனக்கே தெரிஞ்சிது. உங்க காயிதத்துக்கு பத்து வருசமா தெரிஞ்சிகீது. எங்கிட்ட யாரும் சொல்லல."

"பேர் தெரியக் கூடாதுன்னு எண் போட்டோம்மா. முடிவை அந்தந்த ஆளுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கணும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "சொல்லணும்னுதான் இருந்தேன். சொல்லலை. அதுக்கு ஒரு சமாதானமும் என்கிட்ட இல்லை."

"நீங்க எழுதனத வெச்சிகினு டாக்டரு அவர மறுபடியும் தொட்டிக்கி அனுப்பிட்டாரு. இந்நேரம் கைய வுட்டுகினு கீறாரு. இத எட்டு வருசம் முன்னாடி எங்க ஊரு லைப்ரரியில தொறந்து வெச்சிருந்தா, படிச்ச அன்னிக்கே வந்து சொல்லியிருப்பன் சார், பாட்டிலு மாறிப்போச்சின்னு. பூட்டிகினு போயிட்டீங்க. உள்ள தப்பு கீறது யாருக்குத் தெரியும்?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. தன் நல்ல மனசு தன் புருஷனையே கொண்டுபோய் எங்கே நிறுத்தியிருக்கிறது என்ற அவமானமும் அதில் இருந்தது.

ஜெகநாதன் அன்றே பிரதியை நூலகக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். முதல் வரிக்கு மேலே, 'இந்த முடிவை நம்ப வேண்டாம், மாதிரிகளில் பிழை இருக்கிறது' என்று தன் கையாலேயே டைப் அடித்தார். வெளிநாட்டுப் பத்திரிகைக்கும் கடிதம் எழுதினார். அவர்கள் திருத்தம் போட மாதக்கணக்காகும், போட்டாலும் அதுவும் அந்தப் பூட்டுக்குள்தான் இருக்கும் என்றார் அருள்மணி. நான்கு நூலகங்கள் சேர்ந்து நடத்தும் பத்திரிகையில் உடனே போடலாம், ஆனால் ஒரு அம்மா சொன்னது போதாது. நாற்பதில் எத்தனை பாட்டில் மாறியது, எந்தெந்த எண், சம்பந்தப்பட்டவர்கள் கையெழுத்தோடு வேண்டும்.

அதற்கும் ஒரு அமாவாசைதான் வாய்த்தது. கார்த்திகை அமாவாசை, திங்கட்கிழமை, தறி ஓடாத நாள். ஜெயப்ரியா கிளை நூலகத்தில் இரண்டு பெஞ்சை இழுத்துப் போட்டு, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். பழனி மேஸ்திரி பத்து வருஷமாகப் பெட்டியில் கிடந்த பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டு ஒரு ஓரமாக நின்றார்.

முதலில் ஒருத்தரும் வரவில்லை. பத்தரைக்குக் கமலம் வந்தாள்.

"ஒம்போது நான்தாம்மா. கைநாட்டுதான், பரவாயில்லியா?"

அவளைப் பார்த்து நான்கு பேர் வந்தார்கள். அப்புறம் மழை விட்டது போல மளமளவென்று. இருபத்து இரண்டு நான். முப்பது எங்க மாமியாரு, அவங்க செத்துட்டாங்க, நான் சாட்சி. பதினேழு எங்க வூட்டுக்காருதான் குடுத்தாரு, அவரு மலையனூரு போவல. வெட்கப்பட்டவர்களும் இருந்தார்கள், வாயைப் பொத்திச் சிரித்தவர்களும் இருந்தார்கள். ஒருத்தி, "இது பேப்பர்ல வருமா? போட்டோ புடிப்பாங்களா?" என்று தலையைச் சரிசெய்துகொண்டாள். இன்னொருத்தி மெதுவாக, "எங்க வூட்டுக்காருக்கும் ஒண்ணுக்கு செவப்பா போவுது, சாயந்தான்னு சும்மா இருந்துட்டோம்," என்றாள். அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. மதியத்துக்குள் இருபத்து இரண்டு பாட்டில் மாறியது என்று எழுதி வாங்கியாயிற்று, பதினான்காம் எண்தான் பாக்கி.

பூங்காவனம் தன்னுடையதை எழுதிவிட்டாள். ஆனால் மற்றவர்கள் வீட்டு ஆண்கள் செய்தது போல மாணிக்கவேலும் கையெழுத்துப் போட வேண்டும். வருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்து எங்கோ போய்விட்டான்.

மூன்று மணிக்கு வந்தான். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, முழங்கை வரை மங்காத அரக்குச் சிவப்பு. ஜெயப்ரியா எழுதி வைத்திருந்ததை அவனே எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"பதினாலாம் நம்பர் நான் இல்ல. அவ்ளோதான?"

"அவ்ளோதாண்ணே."

"இதுல கையெழுத்து போட்டுட்டா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு உலகத்துல ஒரு காயிதமும் இல்ல. இல்லியா மேடம்?"

"இல்லண்ணே."

"இத வேலூரு டாக்டரு படிப்பாரா?"

"யார் வேணா படிக்கலாம். டாக்டர் மேஜையிலயே திறக்கும். பணம் கேக்காது."

"திருமல அண்ணனும் படிக்கலாம். காஞ்சிபுரத்துக்காரனும் படிக்கலாம்."

"ஆமா."

அவன் பேனாவை வாங்கினான். சிவந்த விரல்களுக்குள் அது சின்னதாகத் தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் அரக்கு கலந்த கை, தன் பெயரை எழுத அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது. எழுதி முடித்ததும் ஜெயப்ரியா நோட்டில் கூட்டிப் பார்த்து, நாற்பதில் இருபத்து மூன்று மாறியது என்று குறித்தாள்.

வெளியே வந்தார்கள். பூங்காவனம் நடக்கும்போது கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பாள். அவன் அன்றைக்கு அவள் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டான்.

"நாளைக்கு பட்டறைக்கா?" என்றாள், பயந்துகொண்டே.

"காலையிலயே திருமல அண்ணன் வூட்டுக்குப் போயி சொல்லிட்டேன். அளவெல்லாம் எழுதிக் குடுக்கறேன், கரையில நின்னு சொல்றேன், தொட்டியில கை வெக்க மாட்டேன்னு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"மூஞ்சத் தூக்கி வெச்சிகினாரு." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான். "ஜெகநாதன் சாரு தையில மறுபடியும் பாட்டிலு எடுத்துகினு வராராமே?"

"வேல நாளா பாத்து வரச் சொல்லிகீது. வூட்டு வாசல்ல அவரே நின்னு வாங்கிக்குவாராம்."

மாணிக்கவேல் தன் கைகளைப் பார்த்தான்.

"எனக்கு பதிலா நீ நின்னது போதும் பூங்காவனம்," என்றான். "இந்தத் தபா என்னுத நானே குடுத்துக்கறேன்."